மெதுவாகக் கேட்பவர்களுக்கான ஆம்ப்ளிஃபையர்: யமாஹா ஏ-எஸ்501

ஆம்ப்ளிஃபையர் விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள் போலிருக்கிறது. மேடை கண்முன் விரிந்ததாம், முரசு நெஞ்சில் மோதியதாம், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பகலெல்லாம் வேலை. வீட்டில் மற்றவர்கள் படுத்த பிறகுதான் பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கிறது. அடுத்த அறையில் இருப்பவர்களுக்கு ஒரு சிறு சத்தம் போதும், தூக்கம் கலைந்துவிடும். பேச்சுக் குரலுக்குச் சற்றுக் கீழான அளவில்தான் என் சங்கீதம் அனைத்தும் நடக்கிறது. ஆகவே ஓர் ஆம்ப்ளிஃபையர் எத்தனை வாட் தரும் என்பதைவிட, சத்தத்தைக் குறைத்தால் பாட்டில் என்ன மிஞ்சும் என்பதுதான் எனக்கு முக்கியம். யமாஹா ஏ-எஸ்501ஐ அந்தக் கேள்வியை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

2014இல் வெளிவந்த மாடல் இது. இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர், அதாவது எந்தக் கருவியின் ஒலி வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது, அளவைக் கூட்டிக் குறைப்பது, ஸ்பீக்கரை ஓட்டும் சக்தியைத் தருவது ஆகிய எல்லா வேலையும் ஒரே பெட்டிக்குள் நடக்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கர்களுக்குச் சேனலுக்கு 85 வாட். எடை 10.3 கிலோ. அந்த எடையில் கணிசமான பங்கு டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஹீட் சிங்க்குக்கும் உரியது. முகப்பு கோடிழைத்த அலுமினியம். தொடுதிரை கிடையாது, வால்யூம் எவ்வளவு என்று எண்ணில் காட்டும் டிஸ்ப்ளேகூடக் கிடையாது. எந்த உள்ளீடு ஓடுகிறது என்பதைச் சிறு விளக்குப் புள்ளி ஒன்று சொல்கிறது. வால்யூம் எங்கே நிற்கிறது என்பதைக் குமிழின் குறியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முகப்பின் குறுக்கே நான்கு சிறு குமிழ்கள்: பேஸ் (கீழ் ஒலி), ட்ரெபிள் (மேல் ஒலி), பேலன்ஸ் (இட, வலப் பக்கச் சமன்), லவுட்னஸ். முதல் மூன்றும் பல ஆம்ப்ளிஃபையர்களில் உள்ளவை. நான்காவதற்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன்.

நம் காது தாழ்ந்த அதிர்வெண் ஒலியையும் நடுத்தர அதிர்வெண் ஒலியையும் ஒரே கண்ணோட்டத்தோடு நடத்துவதில்லை. சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த அதிர்வெண்கள் மற்றவற்றைவிட வேகமாகக் காதிலிருந்து நழுவுகின்றன. பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் இதை அளந்து 1933இல் வெளியிட்டார்கள். பிறகு பலர் திருத்தி அளந்தார்கள். இன்று அது ஐஎஸ்ஓ 226 என்ற சர்வதேசத் தரமாக இருக்கிறது. அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் உள்ள ஒலி எவ்வளவு சத்தமாகக் கேட்கிறதோ, அதே அளவுக்குக் கேட்க வேண்டுமென்றால் 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறக்குறைய 64 டெசிபல் தேவை. இருபத்து நான்கு டெசிபல் வித்தியாசம். சத்தமாகக் கேட்கும்போது இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டைக் கலந்து முடிப்பவர் நல்ல சத்தத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். அவர் கட்டிய சமநிலையை நள்ளிரவில் நாம் வால்யூமைக் குறைத்ததுமே குலைத்துவிடுகிறோம். எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில்தான் குறைத்தோம்; ஆனால் காது அப்படிக் கணக்கு வைப்பதில்லை.

மிருதங்கத்தை வைத்துப் பாருங்கள். சத்தம் போதிய அளவில் இருக்கும்போது அதன் வலப்பக்கமான வலந்தலையும், தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. குறைத்துக்கொண்டே வாருங்கள். வலந்தலையின் ‘தீம்’, ‘நம்’ இரண்டும் கடைசிவரை கேட்கும். தொப்பி முதலில் மெலியும். பிறகு தொப்பியில் கையை அழுத்தி ஒலியை வளைக்கும் கும்கி இழுக்கும் இடங்களில் மட்டும் ஏதோ அசைவு தெரியும். அதற்கும் கீழே போனால் வித்வான் ஒற்றைக் கையால் வாசிப்பதுபோல் ஆகிவிடும். தம்புராவும் அப்படியே. மந்தர ஸட்ஜம் போய்விட, மேலே மெல்லிய ரீங்காரம் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். பாடுகிறவரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்பதால் ஒன்றும் குறையவில்லை என்று மனம் சமாதானம் செய்துகொள்கிறது. ஆனால் அரைமணி நேரத்தில் சலிப்புத் தட்டிவிடுகிறது. ஏன் என்றும் தெரிவதில்லை.

இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் பழைய ஆம்ப்ளிஃபையர்களிலும் ரேடியோக்களிலும் லவுட்னஸ் என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். அழுத்தினால் பேஸும் கொஞ்சம் ட்ரெபிளும் கூடும். யோசனை சரி, செய்த விதம் முரடு. எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது நீங்கள் எவ்வளவு குறைத்துக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பொத்தானுக்கு அது தெரியாது. வால்யூம் குமிழ் நிற்கும் இடத்தோடு சேர்ந்து மாறும்படி செய்த வகைகளும் உண்டு. அவையும் ஊகம்தான், குமிழ் ஒன்பது மணி நிலையில் நின்றால் அறையில் சத்தம் எவ்வளவு என்பது ஸ்பீக்கரையும் அறையையும் பாட்டையும் பொறுத்து மாறும். ஹை-ஃபை உலகம் ஒரு கட்டத்தில் இந்தப் பொத்தானையே அநாகரிகம் என்று ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு.

யமாஹா 1970களிலிருந்து வேறு வழியில் போகிறது. பொத்தானுக்குப் பதில் தொடர்ந்து திருகக்கூடிய குமிழ். அதன் ஒரு முனையில் ‘ஃபிளாட்’ என்று எழுதியிருக்கிறது, அதாவது லவுட்னஸ் எதையும் மாற்றாத நிலை. கையேடு சொல்லும் முறை இது: முதலில் லவுட்னஸை ஃபிளாட்டில் வையுங்கள். வால்யூமைத் திருகி, நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்கக்கூடிய உச்ச சத்தத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு வால்யூமைத் தொடாதீர்கள். சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் லவுட்னஸ் குமிழைத் திருகுங்கள்.

அவ்வளவுதான் விஷயம். இந்தக் குமிழ் எதையும் கூட்டுவதில்லை. நடுத்தர அதிர்வெண்களை அதிகமாகக் குறைத்து, கீழ் மேல் அதிர்வெண்களைக் குறைவாகக் குறைக்கிறது. விளைவாக மொத்தச் சத்தம் இறங்குகிறது, சமநிலை இறங்குவதில்லை. உச்ச சத்தம் எது என்பதை உங்கள் அறையில், உங்கள் ஸ்பீக்கரோடு, உங்கள் காதே சொல்லிக் கொடுத்துவிட்டதால் ஆம்ப்ளிஃபையர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. பகலில், யாருக்கும் தொந்தரவில்லாத நேரத்தில், இந்த உச்ச அளவை ஒருமுறை கண்டுபிடித்து, குமிழ் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நான் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அலுமினியத்தில் பென்சில் கோடு ஈரத் துணிக்குப் போய்விடும்; பதற வேண்டாம்.

இதைச் செய்துவிட்டு அதே மிருதங்கத்தை நள்ளிரவுச் சத்தத்தில் கேட்டால், தொப்பி அதன் இடத்தில் இருக்கிறது. அதிரவில்லை, ஆனால் இருக்கிறது. கும்கி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடர முடிகிறது. வீணையில் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டு விரல் மேலேறும்போது அடியில் தங்கும் ஒலி கேட்கிறது. குமிழை அதிகமாகத் திருகிவிட்டால் குரல் மட்டும் பின்னால் போய், எல்லாம் உப்பலாகக் கேட்கும். அப்போது வால்யூமைக் கொஞ்சம் இறக்கி, லவுட்னஸையும் கொஞ்சம் ஃபிளாட் பக்கம் திருப்பினால் சரியாகிவிடும். பதிவுக்குப் பதிவு அளவு மாறுவதால் இந்தச் சிறு திருத்தம் அடிக்கடி தேவைப்படுகிறது. பழைய ஒலிப்பதிவுகள் பலவற்றில் தாழ்ந்த ஒலி பதிவிலேயே கிடையாது. அங்கே எந்தக் குமிழும் ஒன்றும் செய்யப் போவதில்லை.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருப்பது இடம், வலம் இரண்டு சேனலுக்குமான பொட்டென்ஷியோமீட்டர், அதாவது திருகினால் மின்தடை மாறும் பாகம். மோட்டார் வைத்தது, ரிமோட்டை அழுத்தினால் குமிழ் தானாகச் சுழல்வதைப் பார்க்கலாம். இவ்வகைப் பொட்டென்ஷியோமீட்டர்கள் சுழற்சியின் தொடக்கத்தில், அதாவது மிகக் குறைந்த சத்தத்தில், இரண்டு சேனலையும் கச்சிதமாக ஒரே அளவில் வைத்திருக்க மாட்டா. குரல் நடுவிலிருந்து நழுவி ஒரு பக்கம் சாயும். சி.டி. பிளேயர் 2 வோல்ட் தருகிறது. ஆம்ப்ளிஃபையர்களோ அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே முழுச் சக்தியையும் காட்டும்படி பெரும்பாலும் வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே மெதுவாகக் கேட்கிறவர்கள் எப்போதும் குமிழின் அந்த மோசமான மூலையிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். லவுட்னஸ் வழியாகச் சத்தத்தைக் குறைக்கும்போது வால்யூம் குமிழ் தாராளமான உயரத்தில் நிற்கிறது. அந்த மூலைக்கே போக வேண்டியதில்லை.

இனி வாட் கணக்கு. 85 வாட் போதுமா, 100 வாட் உள்ள ஏ-எஸ்701ஐ வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சக்தியை இரண்டு மடங்காக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபல். 85க்கும் 100க்கும் உள்ள இடைவெளி 0.7 டெசிபல், பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டாலும் பிடிபடுவது கஷ்டம். என் போன்றவர்களின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு வாட்டுக்கு 87 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர் ஜோடியோடு, சில மீட்டர் தள்ளி உட்கார்ந்து 60 டெசிபல் அளவில் பாட்டுக் கேட்டால், சராசரியாக ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட்டில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. திடீரென்று ஒரு தவில் அடி வந்து இருபது டெசிபல் எகிறினாலும் ஒரு வாட்டுக்குள் அடங்கிவிடும். மிச்சமுள்ள 84 வாட் எனக்குச் சும்மா காவல் காக்கிறது. ஆக நமக்கு வேண்டியது முதல் வாட் சுத்தமாக இருப்பதுதான். இரைச்சல் இல்லாமல், உர்ரென்ற மின்சார முனகல் இல்லாமல் இருக்க வேண்டும். ஏ-எஸ்501இல் இடச் சேனலும் வலச் சேனலும் உள்ளே ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று யமாஹா சொல்கிறது. அது எவ்வளவு உதவுகிறதோ, பாட்டு நின்ற இடைவெளியில் ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் ஏதோ மெல்லிய இரைச்சல் இருப்பது தெரிகிறது. உட்கார்ந்த இடத்தில் ஒன்றுமில்லை.

ஒலியின் ‘குணம்’ பற்றி ஒரு பத்தி எழுதுவது வழக்கம். தேன் போன்றது, பட்டுப் போன்றது என்றெல்லாம் எழுத எனக்கு வராது. ஒழுங்காக வடிவமைத்த, தன் எல்லைக்குள் ஓடும் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம், ஸ்பீக்கரை அரை அடி நகர்த்தினால் வரும் வித்தியாசத்தைவிடச் சிறியது என்பது என் அபிப்பிராயம். இது தன் பங்குக்கு எதையும் சேர்ப்பதாகத் தெரியவில்லை. வயலின் கரகரப்பாகப் பதிவாகியிருந்தால் கரகரப்பாகவே கேட்கிறது.

முகப்பில் ‘பியூர் டைரக்ட்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ், லவுட்னஸ் சுற்றுகள் எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டு ஒலி நேர்வழியில் போகும். தூய்மை விரும்பிகளுக்கான ஏற்பாடு. எனக்கு இது வேண்டாத விருந்தாளி. காரணம், லவுட்னஸால் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும்போது இந்தச் சுவிட்சைத் தொட்டால் அந்தக் குறைப்பும் சேர்ந்து விலகிவிடும். வால்யூம் உச்சக் கோட்டில் நிற்க, முழுச் சத்தமும் ஒரே நொடியில் வெடிக்கும். இப்படிச் சத்தம் எகிறும் என்று கையேடு எச்சரிக்கிறது. இரவு வந்திருந்த நண்பர், நல்ல மனத்தோடு, ‘நேர்வழியில் கேட்போமே’ என்று அதை அழுத்தினார். உள்ளறை விளக்குகள் எல்லாம் எரிந்தன. விருந்தினர் கைபடும் வீடு என்றால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பக்கத்திலேயே உள்ள ‘சி.டி. டைரக்ட் ஆம்ப்’ சுவிட்சுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அது சி.டி. உள்ளீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தாண்டிப் போவது.

பேஸ், ட்ரெபிள் குமிழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருக்கின்றன, வேலை செய்கின்றன. டோன் கண்ட்ரோலே இல்லாமல் விற்பதைப் பெருமையாகச் சொல்லும் நிறுவனங்கள் இருக்கும் காலத்தில், இவை இருப்பதே பாராட்டத்தக்கது. பேலன்ஸ் குமிழ், அறையின் ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் திறந்த வாசலும் இருப்பவர்களுக்கு உண்மையாகவே உதவும்.

பின்புறம் திருப்பிப் பார்த்தால் இந்த மாடலின் கொள்கை தெளிவாகத் தெரிகிறது. சி.டி., ட்யூனர், லைன் என்று அனலாக் உள்ளீடுகள். இசைத்தட்டுக்கான ஃபோனோ உள்ளீடு. டிஜிட்டலுக்கு ஆப்டிகல் ஒன்று, கோஆக்ஸியல் ஒன்று. சப்வூஃபருக்கு ஒரு வெளியீடு. இரண்டு ஜோடி ஸ்பீக்கர் முனைகள். வைஃபை இல்லை. புளூடூத் இல்லை. எச்டிஎம்ஐ இல்லை. கணினியை நேராக இணைக்க யுஎஸ்பி இல்லை. அது வேண்டுமென்றால் இதே வரிசையின் ஏ-எஸ்801க்குப் போக வேண்டும். அனலாக் உள்ளீடுகளில் கம்பியைச் செருகும் வட்டமான ஆர்சிஏ துளை 1930களின் கண்டுபிடிப்பு. முன்பக்கத்தின் 6.3 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகத்தில் பிறந்தது. இருப்பதிலேயே இளைய வடிவம் ஆப்டிகல் துளைதான்; அதைத் தோஷிபா கொண்டுவந்தது 1983இல்.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இதற்கு முன் என்னிடம் இருந்தது வேறொரு நிறுவனத்தின் நெட்வொர்க் ஆம்ப்ளிஃபையர்; பெயர் வேண்டாம். சக்திப் பகுதி கடைசி நாள்வரை குறையில்லாமல் ஓடியது. ஆனால் அதை இயக்கும் கைபேசிச் செயலிக்குப் புதுப்பிப்பு நின்றுபோனது. பிறகு புதிய கைபேசியில் அந்தச் செயலி திறக்கவே மறுத்தது. இணைய வானொலி சேவை ஒன்று தன் முறையை மாற்றிக்கொண்டதும் பெட்டியின் பாதி உள்ளீடுகள் ஊமையாகின. டிரான்ஸ்ஃபார்மருக்கும் டிரான்சிஸ்டருக்கும் இருபது, முப்பது ஆண்டு ஆயுள். அதன் பக்கத்தில் ஒட்டவைத்த கணினிக்கு ஐந்தாறு ஆண்டு ஆயுள். இரண்டையும் ஒரே பெட்டியில் பூட்டினால் நல்லது கெட்டதோடு சேர்ந்து குப்பைக்குப் போகிறது. ஏ-எஸ்501இல் காலாவதியாகக்கூடிய பகுதி மிகக் குறைவு. இசைச் சேவைக்கு ஒரு சிறு ஸ்ட்ரீமர் பெட்டியை வெளியே வைத்து ஆப்டிகலில் இணைத்திருக்கிறேன். அது பழசாகும்போது அதை மட்டும் மாற்றினால் போதும். கம்பிகள் கூடும், மின் இணைப்பு ஒன்று கூடும். சகித்துக்கொள்ளலாம்.

உள்ளிருக்கும் டிஜிட்டல்-அனலாக் மாற்றி 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றுக்கொள்கிறது. சி.டி. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான், ஆகவே வழக்கமான சேவைகள், கோப்புகள் எதுவும் இதன் எல்லையைத் தொடப் போவதில்லை. ஆனால் டிவியை இணைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உள்ளீடுகளுக்கு இரண்டு சேனல் பிசிஎம், அதாவது சுருக்கப்படாத சாதாரண டிஜிட்டல் ஒலி மட்டும்தான் புரியும். டிவியின் ஒலி அமைப்பில் டால்பி அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று இருந்தால் சத்தமே வராது. அமைப்புப் பகுதிக்குப் போய் டிஜிட்டல் வெளியீட்டைப் பிசிஎம் என்று மாற்றினால் உடனே வந்துவிடும். ஆம்ப்ளிஃபையர் பழுது என்று திருப்பி அனுப்ப நினைப்பவர்கள் முதலில் அங்கே பாருங்கள். எச்டிஎம்ஐ இல்லாததால் டிவி ரிமோட்டால் இதன் சத்தத்தை மாற்ற முடியாது. டிவிக்கு ஒன்று, ஆம்ப்ளிஃபையருக்கு ஒன்று என இரண்டு ரிமோட் கையில் இருக்க வேண்டும். படம் பார்ப்பதே பிரதானம் என்றால் இது தினசரித் தொல்லை.

ஃபோனோ உள்ளீடு மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜுக்கு (டர்ன்டேபிளின் ஊசி பொருந்திய பாகம்) மட்டும். அந்த வகை சில மில்லிவோல்ட்தான் தருகிறது; அதைப் பெருக்குவதோடு, இசைத்தட்டு வெட்டும்போது குறைத்த பேஸை மீட்டு, கூட்டிய ட்ரெபிளை இறக்கும் வேலையும் இங்கே நடக்கிறது. 1954இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ வகுத்த அளவு அது. குறைந்த வோல்டேஜ் தரும் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் தனி ஃபோனோ பெட்டி வாங்கி லைன் உள்ளீட்டில் கொடுக்க வேண்டும். இசைத்தட்டில் லவுட்னஸ் குமிழைக் கொஞ்சம் அடக்கியே வைக்கிறேன். டர்ன்டேபிளின் அடி உறுமலும் தட்டின் வளைவும் தாழ்ந்த அதிர்வெண்கள்தான், அவையும் பிழைத்துக்கொள்ளும்.

ஸ்பீக்கர் முனைகள் இரண்டு ஜோடி. முன்பக்கச் சுவிட்சில் ஏ, பி, இரண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் சேர்த்து ஓட்டும்போது சுமை கூடும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு ஜோடி சேர்ந்தால் ஆம்ப்ளிஃபையர் பார்ப்பது 4 ஓம்; ஓம் எண் குறையக் குறையச் சுமை அதிகம். அதற்கும் கீழே போகாமல் கையேட்டைப் பார்த்து இணையுங்கள். முனைகள் திருகும் வகை. கம்பியை நேராகவும் மாட்டலாம், பனானா பிளக்கும் போகும்.

வைக்கும் இடத்தைப் பற்றி: அகலம் 435 மில்லிமீட்டர், உயரம் 151, ஆழம் 387. ஆழத்தோடு பின்னால் கம்பி வளைய ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டு ஓடாதபோதும் டிரான்சிஸ்டர்களில் கொஞ்சம் மின்னோட்டம் ஓடும் ஏபி வகுப்புச் சுற்று என்பதால் சும்மா இருக்கும்போதும் இளஞ்சூடு இருக்கும். மேல்மூடியில் காற்றோட்டத் துளைகள் இருக்கின்றன. அதன்மேல் டர்ன்டேபிளையோ ஸ்ட்ரீமரையோ அடுக்கக் கூடாது. அலமாரிக்குள் வைப்பதென்றால் மேலே நல்ல இடைவெளி வேண்டும். நேரம்போக்கில் தானாக உறங்கப் போகும் வசதியும் உண்டு. அதை வேண்டாமென்று நிறுத்தப் பின்புறத்தில் ஒரு சிறு சுவிட்ச்.

ரிமோட்டுக்கு வருகிறேன். எனக்கு உண்மையாகவே எரிச்சல் தருவது இது ஒன்றுதான். நீளமாக இருக்கிறது. யமாஹாவின் சி.டி. பிளேயருக்கும் ட்யூனருக்குமான பொத்தான்களும் அதிலேயே நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றை வாங்காதவர்களுக்கு முக்கால்வாசிப் பொத்தான் அலங்காரம். ஒளிரும் எழுத்தும் இல்லை. இருட்டில் வால்யூமைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு பொத்தான்களுக்கு இடம் கண்டுபிடித்தவர்கள் லவுட்னஸுக்கு ஒன்று வைக்கவில்லை. அந்தக் குமிழுக்கு மோட்டாரும் கிடையாது. ஆக, இந்த ஆம்ப்ளிஃபையரின் ஆகச்சிறந்த அம்சத்தைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் எழுந்து போக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து ரிமோட்டால் வால்யூமைக் குறைத்தால் கையேடு சொன்ன முறையே கலைந்துவிடுகிறது. பழையபடி தொப்பி காணாமல் போகிறது.

நான் நாற்காலியை ஆம்ப்ளிஃபையர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஸ்டீரியோவின் நடுப்புள்ளி கொஞ்சம் விலகியது. அதைப் பேலன்ஸ் குமிழால் ஓரளவு சரிக்கட்டியாயிற்று. கை எட்டும் தூரத்தில் வைக்க முடியாதவர்கள், பத்தடி தள்ளி டிவி அலமாரிக்குள் வைக்கப் போகிறவர்கள், லவுட்னஸ் குமிழுக்காக இதை வாங்க வேண்டாம். அவர்களுக்கு எச்டிஎம்ஐ உள்ள வேறு ஏதாவது பொருந்தும்.